இரண்டரை விரற்கடை

ஊல்ரிக்கே செவ்வாய்தோறும் வருவாள்.
வாசலில் சப்பாத்தைக் கழற்றி
உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி
தொப்புளுக்கு மேலே விரல்களை ஊன்றி
"தலையை மட்டும் தூக்கு" என்பாள்.
தூக்குவேன்.
வயிற்றின் நடுவே ஒரு வாய்க்கால் திறக்கும்.
"மூன்று விரல்" என்று எழுதிக்கொள்வாள்.
சோற்றுப் பானையில்
அரிசிக்கு மேலே தண்ணீரை
நானும் விரலால்தான் அளக்கிறேன்.
அவளிடம் சொன்னதில்லை.

ஆரபிக்கு ஏழு கிழமை.
கடைசியாய்ச் சூடாக என்ன சாப்பிட்டேன் என்று யோசித்தால்
ஆஸ்பத்திரியின் உருளைக்கிழங்கு சூப்
ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது.
அதன் பிறகு எல்லாமே
நின்றபடி, ஒற்றைக் கையால்,
அவள் தலைக்கு மேலே கரண்டியைச் சுற்றிக்கொண்டுபோய்.
ஒருநாள் அவள் காதுமடலில்
ஒரு பருப்பு ஒட்டியிருந்தது.
எடுத்து நானே தின்றேன்.

முதல் மாதம் தயாபரன் லீவு போட்டு
சரக்குக் கறி வைத்தான்.
யூடியூப்பில் மூன்று பேர் மூன்று விதமாய்ச் சொன்னார்களாம்,
மூன்றையும் ஒரே சட்டியில் போட்டான்.
மிளகு வெடித்துப் புகை கிளம்ப
மேல்மாடி ஹெர் குரோனெ மணியடித்து
ஏதாவது எரிகிறதா என்றார்.
அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தோம்.
கழுவித் துடைத்து மறுநாள் தந்தார்,
உள்ளே இரண்டு ஆப்பிள்.
கறியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வுப்பர்டால், படிகளால் கட்டிய ஊர்.
ஆற்றுக்கு மேலே ரயில் தொங்கிக்கொண்டு போகிறது,
மற்றவர்கள் முழங்காலை நம்பி ஏறுகிறோம்.
கடையிலிருந்து வீட்டுக்கு நூற்று நாலு படி.
தள்ளுவண்டி ஏறாது.
பிள்ளையை மார்போடு துணியில் கட்டி
கீரையும் தயிரும் முதுகில் சுமந்து
முதல் வாரம் முப்பத்தெட்டாம் படியில் நின்றேன்.
அங்கே ஏற்கெனவே ஒருவன்
பியர்ப் பெட்டியை இறக்கிவைத்து நின்றிருந்தான்.
ஒருவரையொருவர் பார்க்காமல்
இருவரும் மூச்சு வாங்கினோம்.

வியாழன் மாலை தேவாலயத்தின் பின்கூடம்.
பதினொரு பாய், பதினொரு பெண்கள்,
பசி வந்த ஏதோவொரு பிள்ளை.
"உள்ளே ஒரு செர்ரிக் கொட்டை இருப்பதாய் நினையுங்கள்,
அதை மெதுவாய் மேலே இழுங்கள்."
செர்ரி எனக்கு அவ்வளவு நெருக்கமில்லை.
புளியங்கொட்டை என்று மாற்றிக்கொண்டேன்.
இழு. பிடி. எட்டு எண்ணு. விடு.
வெளியே யாருக்கும் தெரியாத கசரத்து இது.
கடையில் காசு கட்டும் வரிசையில் செய்கிறேன்,
வெளிநாட்டவர் அலுவலகத்தில்
இலக்கச் சீட்டோடு காத்திருக்கையில் செய்கிறேன்,
"நல்லாத்தான் உடம்பு வைச்சிட்டாய்" என்று
மாமி போனில் சொல்லும்போது
பன்னிரண்டு வரை எண்ணுகிறேன்.

தும்மினால் எங்களில் "நூறு" என்பார்கள்,
இங்கே "கெசுண்ட்ஹைட்".
இரண்டும் நல்ல வாழ்த்துத்தான்.
ஆனால் தும்மலுக்கு முன்னால்
கால்களைப் பின்னிக்கொள்ள
ஒரு நொடி வேண்டும் என்பதை
பதினொரு பாயில் படுத்த பிறகுதான்
பதினொரு பேரும் சொல்லிச் சிரித்தோம்.
சிரித்ததிலும் கொஞ்சம் நனைந்தது.

நேற்று குரக்கன் பிட்டு அவித்தேன்.
மூடியைத் திறந்த நேரம் பார்த்து
ஆரபி அழத் தொடங்கினாள்.
பசி அழுகை இல்லை, அது எனக்குத் தெரியும்.
தயாபரன் குளியலறையில்.
நான் கதிரையை இழுத்துப் போட்டு
உட்கார்ந்தேன்.
முதல் வாய் நாக்கைச் சுட்டது.
இரண்டாம் வாயில் தேங்காய்ப்பூ தெரிந்தது.
"பொறு கண்ணே, உனக்கு வரப்போகிற பால்தான் இது,
இன்னும் ஆறவில்லை."
ஐந்து வாய்.
அவள் அழுகையை நிறுத்தி
என் மெல்லும் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று ஊல்ரிக்கே அளந்துவிட்டு
"இரண்டரை" என்றாள்.
அரை விரல் எங்கே போனது என்று கேட்கவில்லை.
அவளை வழியனுப்பிய கையோடு கடைக்கு இறங்கினேன்.
இறங்கும்போது எண்ணினால்
படி நூற்று மூன்றுதான் வருகிறது.
எண்ணிக்கை தவறிய இடத்தில்
இவள் கொட்டாவி விட்டிருப்பாள்,
நான் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன்.