பாதி பாதியாக

கோரல் திறக்கப் பதினொரு நிமிடம்.
அதற்குள் எதிர்க்கடையில்
ஒரு ஈடு போண்டா வெந்து இறங்கிவிடுகிறது.
"மிஷினு மாத்திரலாமா எப்சிபா?"
கேட்பார் முனிரத்தினம். மாற்ற மாட்டார்.
போன மே மாதமும் இதையேதான் கேட்டார்.

மிஷின்மேல் குற்றமில்லை.
இரண்டாயிரத்து முன்னூற்றுப் பதினான்கு எழுத்துருக்களை
ஒவ்வொன்றாய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டு
வந்தாச்சா என்று குறித்துக்கொண்ட பிறகுதான்
அது வெள்ளைத் தாளை விரிக்கிறது.

தேர்தல் நேரத்துப் பென்டிரைவில் வந்து தங்கியவை நாற்பது.
வாணியம்பாடி நிக்காஹ் பத்திரிகைக்காக உருது.
ஆஸ்பத்திரிக்கு எதிரே லாட்ஜ் போர்டுக்கு வங்காளம்:
சிறுநீரகம் காட்ட வந்த ஹால்தார் பாபு
ஸ்டூல் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து,
ஒரு கொக்கி குறைகிறது என்று
திரையில் விரல் வைத்துக் காட்டினார்.
விரல் ரேகை இன்னும் இருக்கிறது.
அப்புறம் ஒரே பேரில் மூன்று, நான்கு.
ஒன்றில் ஸ்ரீ கிடையாது. ஒன்றில் ஔ உடைந்திருக்கும்.
நகல். நகலின் நகல்.

ஞாயிற்றுக்கிழமை, காகிதப்பட்டறையில் பாதி ஷட்டர்.
ஆராதனை முடிந்து நேராக வந்து
பாதியை வேறு உறைக்கு நகர்த்தினேன்.
திறந்தேன். தொங்கியது.
அப்படியென்றால் கள்ளன் மிச்சத்தில்.
ஆயிரத்து நூற்று ஐம்பத்தேழு. அதிலும் பாதி.
உடனே திறந்தது.
அப்படியென்றால் இப்போது வெளியே போனதில்.
எழுபத்திரண்டுக்கு வந்தபோது கரண்ட் போனது.
யுபிஎஸ் நான்கு முறை கத்தி அடங்கியது.
வெளிச்சம் திரும்பியபோது
எந்தப் பாதி நிரபராதி என்று மறந்திருந்தேன்.

மறுபடி முதலிலிருந்து.

மூன்றரைக்கு அகப்பட்டது.
பேர் இருக்கிறது, அளவு பூஜ்யம்.
நீரில்லா ஆறு, மரமில்லா மலை என்று
எங்கள் ஊரைக் கேலி பேசும் வரிசையில்
எழுத்தில்லா எழுத்துருவையும் சேர்த்துக்கொள்ளலாம்.
இருந்த ஆத்திரத்தில்
அதே பேரில் நின்ற மற்ற இரண்டையும் அழித்தேன்.
குப்பைக்கூடையையும் காலி செய்தேன்.
நாற்பது விநாடியில் திறந்தது.
ஒரு டீ சொன்னேன், எனக்கு நானே.

டீ வருவதற்குள் ஊசூரிலிருந்து வேதாசலம் வந்தார்.
முதலாம் ஆண்டு நினைவஞ்சலி.
"போன வருசத்துதே இருக்கட்டும்மா.
தேதி மட்டும் மாத்திக் குடு."

திறந்தேன்.
படம் அப்படியே இருந்தது; கழுத்துவரை இழுத்த முந்தானை,
மூக்குத்தியில் ஃபிளாஷ் பட்ட வெளிச்சம்.
அதன் கீழே, சிவப்பில், நூற்றிருபது பாயிண்டில்:

mk;kh

குனிந்து பார்த்தார்.
"இன்னாது இது, இங்கிலீசுல கீது?"

அழித்த மூன்றில் ஒன்று நல்ல எழுத்துரு.
அதைத் தேடிக் கை எலியை நோக்கிப் போய்
பாதியில் நின்றது.

"இங்கிலீஷ் இல்லண்ணா. அம்மானுதான் கீது."
பத்தொன்பது வருடமாக இந்த விரல்களுக்கு
எம் என்றால் அ. கே என்றால் ம.
அரைப்புள்ளி ஒன்று அதன் தலையில் ஏறி
மெய்யாக்கும். எச் அதற்குக் கால்.
கண்ணுக்குத்தான் குப்பை.

மிச்சத்தையும் வாசித்தேன்.
அடைப்புக்குறியும் காற்புள்ளியும் கலந்த வரிகளை
நிறுத்தாமல், ஒன்றுகூடத் தடுக்காமல்:
ஆறு மணி பஸ்ஸுக்கு முன்னால் எழுந்து
எங்களுக்குக் கட்டிக்கொடுத்த சோற்றுக்கு
இன்னும் நன்றி சொல்லவில்லை.
மகன், மருமகள், பேரன் லோகித்.

அவர் ஷட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"இவ்ளோ எழுதி இருந்துதா?
முந்நூறு ஒட்டனோம். நான் படிக்கவே இல்ல.
மச்சான்தான் சொல்லி அடிச்சான்."

டீ வந்தது. இரண்டாக ஆற்றிக் கொடுத்தேன்.

"எந்த எழுத்துல போட்றது?" என்றேன்.
"போன வருசம் ரொம்பத் தடி எழுத்து.
ஒல்லியா ஒண்ணு போடு. தூரத்துலருந்து தெரியலனாலும் பரவால்ல,
கிட்ட வந்து படிக்கட்டும்."

மிச்சம் இரண்டாயிரத்து முன்னூற்றுப் பதினொன்று.
நான்காவது காட்டியது அவருக்குப் பிடித்தது.
எல்லாவற்றையும் திரும்ப அடித்தேன்.
குழந்தையம்மாள் என்ற பேரை மட்டும்
எண்ணூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி
ழ-வின் வால் முறியாமல் இருக்கிறதா என்று பார்த்தேன்.

இருந்தது.