வில்லங்கச் சான்று

பதினோரு வருடம் வாடிப்பட்டியில்
பத்திரம் எழுதினேன்.
இப்போது தினக்கூலிக்கு வைகையில் உயிர்க்கணக்கு.
வேலை ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை.

நீர்நாய், அந்துப்பூச்சி:
மூலப்பத்திரம் ஒன்றுதான், விலங்குலகம்.
அடுத்த வரியிலேயே பாகப்பிரிவினை.
முதுகெலும்பு ஒருவருக்கு,
ஆறு காலும் நான்கு சிறகும் மற்றவருக்கு.
அதற்குப் பிறகு எந்த விசேஷத்திலும்
ஒரே பந்தியில் உட்காரவில்லை.

நீர்நாய்க்கு எல்லாம் பக்கா.
குடும்பம், பேரினம், இனம்,
சட்டத்தில் அட்டவணை,
சிவப்புப் பட்டியலில் ஒரு வரி.
சோழவந்தான் தடுப்பணைக்குக் கீழே
அது கழியும் பாறைக்குக்கூட எண் போட்டிருக்கிறோம்.

"என் வலையக் கிழிச்சிருச்சு,
அதுக்கு எந்தக் கட்டம்?" என்றார் ஒச்சப்பன்.
தேடினேன், இல்லை.
'குறிப்பு' என்ற இடத்தில் நெருக்கி எழுதினேன்:
நைலான் வலை ஒன்று, ரூபாய் ஆயிரத்து எண்ணூறு.

ராத்திரி கொடிக்கால் ஓரம்
வெள்ளை வேட்டியைக் கட்டி விளக்குப் போட்டோம்.
ஒன்பது மணிக்குள் வேட்டி நிறையக் கூட்டம்.
வெற்றிலைச் சருகு நிறத்தில் ஒன்று,
பின்சிறகில் மட்டும்
யாரோ மஞ்சள் கையைத் துடைத்த மாதிரி.
படம் அனுப்பி மூன்று வாரம் கழித்துப் பதில்:
இனம் தெரியவில்லை.
நிலை, மதிப்பிடப்படவில்லை.

எனக்குத் தெரிந்த பாஷையில், புறம்போக்கு.
யாரும் கொட்டகை போட்டுக்கொள்ளலாம்.
பாலத்தில் இருபத்தாறு புது விளக்கு.
சுற்றிச் சுற்றி விழுவதையெல்லாம்
கெண்டைகள் கீழே வாய்பிளந்து வாங்கிக்கொள்கின்றன.

அந்த வேட்டி ராத்திரி விடிந்ததும்
பாறை எண் ஏழில் புது எச்சம், ஈரத்தோடு.
குச்சியால் கலைத்தேன். மீன்செதில்.
என் நகக்கண்ணில் இன்னும் பழுப்புத் தூள்.
அதுவும் செதில்தான் என்கிறது கையேடு,
அந்துக்குச் சிறகெல்லாம் செதில்.
இந்த ஒரு சொல்லை வைத்தே
பங்காளி என்று
வழக்குப் போட்டுவிடலாம்.
போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"நாய்க்கு ஒண்ணுன்னா கேஸு.
பூச்சிக்கு ஒண்ணுன்னா?"
ஒச்சப்பன் பீடியைப் பற்றவைத்தபடி கேட்டார்.

பெயர் தெரியாவிட்டால்
கட்டத்தில் கோடு போடச் சொல்லியிருக்கிறார்கள்.
நான் போடவில்லை.
பத்திரத்தில் இப்படி இடம் விட்டால் திட்டுவார்கள்,
பின்னால் யாராவது எதையாவது எழுதிவிடுவான் என்று.

எழுதட்டும்.