மூச்சுக்குப் போய்வரும் தூரம்

சிவாஜிநகர் மீன்தொட்டிக் கடைக்காரர்
முடிச்சுப் போட்ட பையை
ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிக் காட்டினார்.
"முன்னங்கை விரலுக்கு நடுவுல ஜவ்வு தெரியுதா?
தெரிஞ்சா குள்ளம். இவ்வளவுதான் வளரும்.
தெரியலைன்னா வேற வகை,
கூட இருக்கிறதையெல்லாம் முழுங்கிரும்."
தெரிந்தது.
கட்டைவிரல் நுனியளவில் இரண்டு பேர்,
சேற்று நிறத்தில், கைவிரித்து,
யாரோ மேலிருந்து போட்டுவிட்டு மறந்ததுபோல்
நீரில் தொங்கினார்கள்.

வாடகை ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவில்
நாய் கூடாது, பூனை கூடாது என்றிருந்தது.
தவளை பற்றிப் பேச்சில்லை.
வீட்டுக்காரர் நாகபூஷண் எட்டிப் பார்த்து
"கப்பேயா?" என்று சிரித்தார்.
அவர் ஊர்ப்பக்கம் மழை பொய்த்தால்
கப்பேக்குக் கல்யாணம் செய்துவைப்பார்களாம்.
"உங்க வீட்லயே ஜோடி இருக்கு. பெய்யணுமே."

பெய்யவில்லை.
இவை மழை பார்த்த தவளைகள் இல்லை.
ஏதோ பண்ணைத் தொட்டியில் பிறந்து
பையில் பயணித்து இன்னொரு தொட்டிக்கு வந்தவை.
வானம் என்பது இவற்றுக்கு
பதினோரு அங்குலம் மேலே ஒரு தோல்.
அதை மூக்கால் கிழித்து
ஒரு வாய்க் காற்று எடுத்துக்கொண்டு
கால்களைக் கைவிட்டு
கூழாங்கல்லில் வந்து விழும்.

கண் சரியில்லை இரண்டுக்கும்.
உறைந்த புழுவை உருக்கி
லேபிலிருந்து கொண்டுவந்த இடுக்கியால் நீட்டுவேன்.
வாசனை வந்துவிடும், இடம் தெரியாது.
ஒன்று இடுக்கியைக் கடிக்கும்.
மற்றது இதன் காலைக் கடித்துவிட்டு
சாப்பாடில்லை, கூட்டாளி என்று புரிய
கொஞ்ச நேரமாகும்.
நம்ம முதல் வருஷம் மாதிரி என்றான் இம்மானுவேல்.
ஐஸ் டிரேயில் புழு வைத்ததற்கு
இரண்டு நாள் பேசாதிருந்தவன்.

அவனுக்கு ராத்திரி ஷிப்ட்.
ஒரு மணிக்கு எங்கோ போன் அதிர்ந்தது.
தலையணைக்கு அடியில், பீரோ மேல்,
துவைக்கப் போட்ட சட்டைப் பையில் தேடினேன்.
எனக்குச் சொல்லாத போன்,
இந்நேரத்தில் கூப்பிடும் ஒருத்தி.
அவளுக்குப் புடவை நிறம்வரை முடிவாகிவிட்ட பிறகுதான்
தொட்டிக் கண்ணாடியில் காது வைத்தேன்.
ஆண் முரன்றுகொண்டிருந்தது.
வாய் திறக்காமல், தொண்டை புடைக்காமல்,
பழைய ரெகுலேட்டரின் இரைச்சலாக.
பெண் வடிகட்டிக்குப் பின்னால்
கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.
காலையில் அவனிடம்
தவளை பாடியதை மட்டும் சொன்னேன்.

மார்ச்சில் போர்வெல் காற்றைக் கக்கியது.
ஒருநாள் விட்டு ஒருநாள் டேங்கர்,
வீட்டுக்கு ஆறு பக்கெட்.
குளோரின் போக அதில் ஒன்றை
ஒரு பகல், ஓர் இரவு சும்மா வைக்கவேண்டும்.
அந்த வாரங்களில் எங்கள் தெருவில்
சும்மா நிற்கும் பக்கெட்டைவிடப்
பெரிய ஆடம்பரம் இல்லை.
மாடிவீட்டு ஷெஹனாஸ் பார்த்துவிட்டாள்.
"யாருக்கு?"
துணிக்கு என்றேன்.
அந்தப் பொய்யின் மேலும் ஒரு துணி போட்டு மூடினேன்.

பிறகு தொட்டியில் ஊற்றுவதை நிறுத்தினேன்.
அடிக் கசடை உறிஞ்சி எடுப்பதோடு சரி.
பத்து.
எட்டரை.
ஏழு.
வடிகட்டியின் வாய் வெளியே வந்து
இல்லாத அருவிபோல் சத்தமிட்டது.
பட்டினி போட்டவள்போல் எதிரே உட்கார்ந்திருந்தேன்.
அவற்றுக்குக் குறை இருப்பதாகத் தெரியவில்லை.
முன்பெல்லாம் பாதி வழியில்
செடியைப் பிடித்து இளைப்பாறும் பெண்
இப்போது ஒரே உதையில் போய்வந்தது.
தண்ணீர் குறையக் குறைய
மூச்சு பக்கத்தில் வந்துவிட்டது.

இதில் நமக்கும் ஏதோ இருக்கிறது என்று
தோன்றியவுடனே சந்தேகப்பட்டேன்.
நமக்கு ஒன்றுமில்லை.
ஏழு அங்குலத்தில்
சோறு வடிக்க முடியாது, தலைக்கு ஊற்ற முடியாது.

இரண்டரைக்குக் கீழே
டேங்கர் பின்னோக்கி வரும் பாட்டு.
பக்கெட்டுகளோடு ஓடினேன்.
ஷெஹனாஸ் ஏற்கெனவே குழாயருகே,
நைட்டிமேல் துப்பட்டா, தூக்கக் கண்.
தன் கடைசி பக்கெட்டை என் பக்கம் தள்ளினாள்.
"உன் துணி ரெண்டுக்கும் புடிச்சுக்க" என்றாள்.
சிரிக்கவில்லை.