புத்தூர்க் கட்டு

முட்டை வெள்ளைக்கரு, பச்சிலைச் சாறு,
கிழித்த வேட்டி, மூங்கில் பத்தை.
இந்த வாசனைக்குள் ஒரே பெஞ்சில்
உட்கார்ந்திருக்கிறோம்
நானும் என்னை இடித்தவனும்.

நகரித் தறிக்கூடத்தில் தவணைச் சேலைகள் எடுத்துக்கொண்டு
நான் திரும்பிய வழியில்,
மாங்கூழ் ஆலை வளைவில்,
தப்புப் பக்கமாக வந்தவன்.
பதினெட்டுச் சேலையும் தார் ரோட்டில் விரிந்தன.
எனக்கு வலது மணிக்கட்டு.
அவனுக்கு இடது காறை எலும்பு.
ஒரே ஷேர் ஆட்டோவில் ஏற்றி
இங்கே இறக்கிவிட்டுப் போனார்கள்.
பெயர் ஓபுலேசு என்று
சீட்டு எழுதியவர் கேட்டபோதுதான் தெரிந்தது.
அதுவரை நான் அவனுக்கு
வேறு பெயர் வைத்திருந்தேன்.

அரக்கோணத்தில்
ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும்
தகரக் கூரை விகாரையில்
ஞாயிறுதோறும் மூச்சு பழகுகிறேன்.
உள்ளே இழுத்தால் அடுத்தவர் வலி.
வெளியே விட்டால் என் நிம்மதி.
மின்விசிறிக்குக் கீழே, சுண்டல் வரும் நேரத்தில்,
உலகத்து வலி மொத்தத்தையும்
எத்தனை தடவை இழுத்திருக்கிறேன்!
ஒருநாளும் ஒரு தும்மல்கூட வந்ததில்லை.

இங்கே முதல் மூச்சே முள்.
அவன் தோளைப் பிடித்து நிமிர்த்துகிறார்கள்.
இன்னும் கொஞ்சம் இழுங்க
என்று யாரோ உள்ளுக்குள் சொன்னார்கள்.
யாரோ இல்லை, நான்தான்.

அம்மா என்று கத்தினான்.
தெலுங்கா தமிழா
என்று பிரிக்க வராத கத்தல்.
அடுத்து என் முறை.
மணிக்கட்டை ஒருவர், முழங்கையை ஒருவர்.
"காலண்டரைப் பாரும்மா."
பார்த்தேன். உரக்கடைக் காலண்டர்,
போன வருஷத்துக் கார்த்திகையில் நின்றுவிட்டது.
நான் என்ன கத்தினேன் என்று
சொல்ல வேண்டியதில்லை.

பெஞ்சுக்குத் திரும்பினோம்.
அவன் போட்டிருக்க வேண்டிய ஹெல்மெட் தரையில் கிடந்தது.
அதற்குள் அவன் ஃபோன் அடித்தது.
பாதி குனிந்தான், பல்லைக் கடித்தான், விட்டுவிட்டான்.
மறுபடி அடித்தது.
என் இடது கை போய் எடுத்துக் கொடுத்தது.
அதைக் கருணை என்று எழுதிவிடாதீர்கள்.
ரிங்டோன் அப்படி.

"ஏம் லேதுலே, பாகுன்னா" என்றான் ஃபோனில்.
அரை மணி முன்பு
என் மகளிடம் நான் சொன்ன பொய்,
எழுத்து பிசகாமல், வேறு பாஷையில்.

அப்போதுதான் வந்தது அந்த மூச்சு, கூப்பிடாமல்.
உள்ளே போனவை:
அவன் காறை எலும்பு, கெடு முடிந்த இன்ஷூரன்ஸ்,
நாளைக்கு இல்லாத கூலி,
மறுமுனையில் நம்பாமல் நிற்கும் ஒருத்தி.
கூடவே என் மணிக்கட்டும் போயிற்று,
எது யாருடையது என்று சீட்டு ஒட்டாமல்.
திருப்பித் தர என்னிடம் நிம்மதி இல்லை.
இருந்த காற்றை விட்டேன்.

எதிரே ஒரு பையனுக்குக் கட்டைப் பிரித்தார்கள்.
வெளுத்து, மெலிந்து, செதில் உரிந்து
கொக்கின் கால்போல் வெளியே வந்தது ஒரு கை.
மோந்து பார்த்து முகம் சுளித்தான்.
மடக்கினான். நீட்டினான்.
திடீரென்று நாலடி ஓடி
இல்லாத பந்தை வீசினான்.
கால் ஒடிந்து படுத்திருந்த லாரி கிளீனர்
ஒற்றை விரலைத் தூக்கி "அவுட்!" என்றான்.

பெஞ்சே குலுங்கியது.
சிரித்தால் வலிக்கிறது.
ஓபுலேசு தோளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான்,
வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சிக்கொண்டே.
விகாரைச் சுவரில் நீல பெயிண்டில் எழுதியிருக்கும்:
முதிதை, பிறர் மகிழ்வில் மகிழ்தல்.
சுவரில் வாசித்தபோது
அது எலும்பில் குத்தும் என்று தெரியவில்லை.

வாசல் கடையில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கினேன்.
மூடி திறக்க இரண்டு கை வேண்டும்.
நான் பிடித்துக்கொண்டேன். அவன் திருகினான்.
"கேஸ் போடுவீங்களா அக்கா?"
"தெரியலை" என்றேன்.
அது உண்மை.
தலையை ஆட்டினான்,
திருகுவதை நிறுத்தாமல்.