ஏழு நாளுக்குள் திருப்பித் தரலாம்

நிறத்தின் பெயர் 'மலை மூட்டம்' என்றிருந்தது.
அளவு எம். விலை மூவாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது.
பிடிக்காவிட்டால் ஏழு நாளுக்குள் திருப்பித் தரலாம்.
பிடிக்காமல் போகும் என்று
வாங்கும்போதே முடிவு செய்திருந்தோம்
நானும் பெனசிரும்.

'ஆட்டம் - வின்டர் கலெக்‌ஷன்' என்று மேலே பட்டை.
சேலத்தில் வின்டர் கிடையாது,
ஆட்டம் மட்டும் உண்டு.

பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும் புரட்டாசி.
அஸ்தம்பட்டி மாடி அறையில் அட்டைப்பெட்டியைப் பிரித்தபோது
பொன் உருகிக்கொண்டிருந்தது.
மின்விசிறிக்கு நேர் கீழே
முழங்கால் தொடும் கோட்டோடு கண்ணாடி முன் நின்றேன்.
முதுகுத்தண்டில் ஒரு சொட்டு
மெதுவாக இறங்கிப் போனது.
"லண்டன்" என்றாள் பெனசிர்.
"வேர்க்குரு" என்றேன்.

விலைச்சீட்டை அறுக்கக் கூடாது.
இடது கைக்குள் மடித்து ஊக்கு குத்தினாள்.
எதைத் தொட்டாலும் வலது கையால் தொடு,
டீ குடிக்காதே,
யார் மேலும் சாயாதே.

ஞாயிறு காலை ஏற்காடு பஸ்.
மடியில் குழந்தை மாதிரி கோட்டு.
கோரிமேடு தாண்டும்வரை சன்னல் கம்பி சுட்டது.
ஐந்தாவது கொண்டை ஊசியில் ஒரு குரங்கு
என் சிவப்பு ஷூவைப் பார்த்தது.
ஒன்பதாவதில் வேர்வை நின்றது.
பதினான்கில் கையை நுழைத்தேன்.
பதினெட்டில் எல்லாப் பொத்தானும்.
"ஊட்டி பஸ் இது இல்லையேம்மா" என்றார் நடத்துநர்.
பஸ் முழுக்கச் சிரித்தது. நானும்தான்.

பகோடா பாயிண்டில் மூட்டம் இறங்கியிருந்தது.
பள்ளத்தாக்கும் இல்லை, ஊரும் இல்லை.
கம்பியைப் பிடித்தபடி, பிடிக்காதபடி,
காற்றைப் பார்த்தபடி, செல்போனைப் பார்க்காதபடி,
நாற்பத்தொரு படம்.

பார்த்தால்,
மேலே ஒரு தலை மிதக்கிறது.
கீழே சிவப்பு ஷூ இரண்டு.
நடுவில்
மூவாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாயைக்
காணோம்.

நாற்பத்தொன்றிலும் என் தோளுக்குப் பின்னால்
சுள்ளென்று ஒரு மஞ்சள்.
திரும்பினோம்.
மிளகாய் பஜ்ஜி வண்டி.
மூட்டத்தில் கொளுத்திவைத்த சிம்னி போல
மழைக்கோட்டில் ஒரு பெண்.
மார்புப் பையில் ஜல்லிக்கரண்டி.
கை நீளம், இரண்டு மடிப்பு,
அந்த மடிப்பை எந்தக் கடையிலும் தைத்துத் தர மாட்டார்கள்.

எமல்டா என்று பெயர்.
"இதை ஒரு படத்துக்குத் தருவீங்களா?"
"தரேன். எண்ணெய் காயுது, அதைப் பார்த்துக்க.
உன்னுதைக் குடு, குளுருது."

மஞ்சள் என் மேல் ஏறியது.
உள்ளே அவள் சூடு இருந்தது.
பெனசிர் படம் எடுக்க எடுக்க
ஈரோட்டுக் குடும்பம் ஒன்று வந்து
நாலு பிளேட் என்றது.
போட்டேன். ஒன்று கருகியது.
சட்னி கேட்டார்கள், கொடுத்தேன்.
பாக்கிச் சில்லறைக்கு நிமிர்ந்தால்

கம்பியோரம் எமல்டா,
ஒரு கை பாக்கெட்டில்,
எந்தப் பள்ளத்தாக்கையும் பார்க்காமல்,
சும்மா.
மூட்டம் அவளுக்காக விலகியது என்று சொல்ல மாட்டேன்.
விலகியது, அவ்வளவுதான்.

பிறகு இடது கையை மடக்கி,
"ஐயோ, சீட்டை எடுக்காமலே போட்டிருக்கியே கண்ணு"
என்றாள்.
பெனசிர் "அக்கா" என்று கத்துவதற்குள்
பல்லால் நூலைக் கடித்துத்
துப்பினாள் பள்ளத்தாக்கில்.
ஊக்கை மட்டும் பத்திரமாக என் உள்ளங்கையில் வைத்தாள்.

இறங்கும்போது இருபது வளைவும்
பெனசிர் பேசவில்லை.
அடிவாரத்தில் சிரிப்பு வந்து
அதற்கப்புறம் நிற்கவில்லை.

ஏழாம் நாள்
அஞ்சு ரோடு ஸ்கேன் சென்டருக்கு
அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.
என் அறையில் ஏசி எப்போதும் பதினெட்டு.
இத்தனை வருஷம் தோன்றவில்லை பாருங்கள்.

ஓமலூரிலிருந்து வந்த பெரியவரைப்
படுக்கையில் அசையாமல் இருக்கச் சொன்னேன்.
அசையவில்லை.
மூக்கை மட்டும் இழுத்து,
"மிளகாய் பஜ்ஜியாம்மா?" என்றார்.