தோன்றா எழுவாய்

லிட்கம், மரண விசாரணை மன்றம்,
மூன்றாம் நாள்.
மணிக்கூலிக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் நான்.
கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று
காலையில் சத்தியம் செய்திருக்கிறேன்.

பொலிஸ் தரப்பு வழக்கறிஞர் எழுந்து
"இரண்டு சன்னங்கள் செலுத்தப்பட்டன" என்கிறார்.
அவருடைய ஆங்கிலத்தில் ஆள் இல்லை.
என் தமிழில் ஆள் வைக்க எனக்கு அனுமதியில்லை.
சுடப்பட்டார் என்கிறேன்.
பட்டவன் இருக்கிறான், சுட்டவர் இல்லை.
எட்டாம் வகுப்பில் கேட்பார்களே, எழுவாய் எங்கே?
தோன்றா எழுவாய், டீச்சர்.
அது மூன்றாம் வரிசையில்
சீருடை இல்லாமல், சாம்பல் கோட்டில்,
தண்ணீர்ப் போத்தலின் லேபிளை
உரித்தபடி இருக்கிறது.

"கூரிய ஆயுதம்" என்கிறேன்.
"எங்கட வெங்காயக் கத்தி" என்கிறாள் கமலவேணி.
"பிடி உடைஞ்சு நூல் சுத்தி வச்சிருந்தனான்."
சாட்சிப்பொருள் ஏழு.
பிளாஸ்டிக் பைக்குள் பச்சை நூல்,
அவள் போட்ட முடிச்சு.

கதவு திறந்ததிலிருந்து இரண்டாம் வெடி வரை
பதினொரு விநாடி.
அதைச் சொல்லி முடிக்க எனக்கு ஒரு முற்பகல் போயிற்று.
"கத்தியைப் போடு" என்று நாலு தரம் கத்தினார்களாம்.
யதுசனுக்கு ஆங்கிலம் தெரியாதா என்றால், தெரியும்.
பொறியியல் படித்தவன்.
ஐந்து இரவு நித்திரை இல்லாமல்
சுவருக்குள் யாரோ அழுகிறார்கள் என்று
காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு
அன்றைக்கு எந்த மொழியும் தெரியவில்லை.

பிறகு ஒலிப்பதிவு.
மூன்று சுழி அழுத்தியிருக்கிறாள் தாய்.
என்ன அவசரம் என்று ஒரு குரல் கேட்கிறது.
அம்புலன்ஸ், என்கிறாள்.
மகன், வருத்தம், அம்புலன்ஸ்.
ஆறு தரம். எண்ணினேன்.
தமிழிலும் அதே சொல், ஆங்கிலத்திலும் அதே சொல்.
இந்த வழக்கில் நான் தேவைப்படாத
ஒரே சொல்.
அதற்குத்தான் துப்பாக்கி வந்தது.

இடைவேளையில், கோப்பி மெஷினடியில், நஹ்லா.
அரபு மொழிபெயர்ப்பாளர், பக்கத்து மன்றில் வேலை.
"வருத்தக்காரர் வீட்டுக்குத் தாதி முதலில் போகட்டும்,
துப்பாக்கி தெருமுனையில் நிற்கட்டும்.
அந்தப் பரிந்துரைதானே?
நாலு வருடத்துக்கு முன்னர் நான் சொன்னது.
வேண்டுமென்றால் வாக்கியத்தை எடுத்துக்கொள்.
புதுசாகவே இருக்கிறது,
ஒருவரும் பாவிக்கவில்லை."

பின்னேரம் வழக்கறிஞர் மறுபடி எழுகிறார்.
"கொள்கையளவில் ஏற்றுக்கொள்ளப்படுகிறது."
சொன்னேன்.
கமலவேணி என் பக்கம் சரிந்து கேட்டாள்,
"கொள்கையளவு எண்டால் எவ்வளவு, தங்கச்சி?"
மொழிபெயர்ப்பவர் விளக்கம் சொல்லக்கூடாது.
விதி.
அவள் கேட்டதை மட்டும் ஆங்கிலமாக்கி
மன்றத்தின் முன் வைத்தேன்.
யாரோ இருமினார்கள்.
நீதவான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
பதிவில் அது இருக்கிறது, பதில் இல்லை.

எல்லோரும் எழுக என்றார் சேவகர்.
எழுந்தோம், சாம்பல் கோட்டும்.

ரயிலில், ஓபர்ன் தாண்டுகையில்,
பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்.
பொலிஸ்காரர் யதுசனைச் சுட்டார்.
மூன்றே சொல்.
எழுவாய், செயப்படுபொருள், பயனிலை.
இதைச் சொல்ல
மூன்று நாளில் ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை.

தாளைத் திருப்பி
மணித்தியாலம்: ஆறரை என்று நிரப்பினேன்.