ஓராள் உருண்டை

முப்பத்தைந்தில் ஒரு பங்கு.
எலுமிச்சை அளவில் ஒரு கவச வண்டி.
சக்கரமும் அதுதான் சுவரும் அதுதான்.
எதற்காகச் செய்தார்கள் என்று
பெட்டியிலும் போடவில்லை.
பிராஸ் பசா கடைக்காரர் பாதி விலைக்குத் தள்ளிவிட்டார்.

சுவா சூ காங், பதினோராம் மாடி.
ஈரக்காற்றில் சாயம் காய மறுக்கிறது.
கனகாம்பரி முடி உலர்த்தியை நீட்டி
"காலைல எனக்கு வேணும்" என்று
தூங்கப் போய்விட்டாள்.
வால்சக்கரம் இடுக்கியில் நொறுங்க,
அவளுடைய பழைய தோட்டின் திருகாணியை
அந்த இடத்தில் ஒட்டினேன்.
இன்னும் சொல்லவில்லை.

உள்ளே ஒரே இருக்கை.
முழங்கால் தாடையில் இடிக்க
உட்கார்ந்தே வார்க்கப்பட்ட சிப்பாய்.
கண் மட்டத்தில் ஒரு கீறல்,
அவ்வளவுதான் அவனுக்கு வெளி.

எனக்குத் தெரியும் அந்த இடம்.
ஜூரோங் தீவில்
காலியான எரிவாயுக் கோளங்களுக்குள்
வெல்டிங் தையலைத் தடவிப் பார்க்க இறங்குகிறவன் நான்.
உருண்டைக்குள் மூலை கிடையாது.
இருமினால் இருமல் சுற்றிவந்து
முதுகில் தட்டும்.
துளைக்கு வெளியே பலகையும் பேனாவுமாக
இஸ்கந்தர் நிற்பான்
ஐந்து நிமிடத்துக்கொரு தரம்
என் பெயரைக் கூப்பிட.
அவன் இல்லாமல் எவனும் இறங்கக் கூடாது.

செய்முறைத் தாளில் இல்லாத வேலை இனி.
பின்பக்கம் அறுத்து ஒரு கதவு வைத்தேன்.
வேறு பெட்டியில் மிஞ்சிக் கிடந்த காலாட்படைக்காரனின்
துப்பாக்கியைச் சீவி எறிந்தேன்.
ஆரஞ்சுச் சட்டை பூசி
கையில் தீக்குச்சிச் சீவலில் ஒரு பலகை கொடுத்து
கதவோரம் நிறுத்தினேன்.

மணி மூன்று.
உதடுகள் ஒட்டியே வார்த்திருக்கிறார்கள் இவனை.
ஊசியைச் சூடாக்கி
வாயை மட்டும் கொஞ்சம்
திறந்துவிட்டேன்.